கோழியைத் தொடாத வேட்டை நாய்: பாதிரியார் ஜாக் ரஸ்ஸல் யார்?

தி மாஸ்க் படம் பார்த்திருப்பீங்க. ஜிம் கேரியோடு சேர்ந்து கலாட்டா பண்ணுமே மைலோ, அது ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர். 2011ல் வந்த தி ஆர்ட்டிஸ்ட் படத்தில் ஹீரோவைத் தீயில் இருந்து காப்பாற்றுவதும் இதே ஜாதிதான். உயரம் ஒரு அடிதான். ஆனா எனர்ஜிக்கு அளவே இல்லை. பந்து, ஸ்கேட்போர்டு, ரீல்ஸ் எல்லாத்துக்கும் ரெடி.

இப்போ ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. நகரத்து அபார்ட்மென்ட்டில் செல்லமா வளர்ந்த அந்த நாயை பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். காரில் இருந்து இறங்கி 2 நிமிஷம் ஆகலை, பாட்டி வளர்த்த கோழி ஒன்று காலி. நாய் வாலை ஆட்டிக்கிட்டே கோழியை நம்ம காலடியில் கொண்டுவந்து போடுது. பாட்டிக்கு அழுகை. நமக்கு அதிர்ச்சி. வீட்டில் குழந்தை மாதிரி இருந்த நாய் ஏன் இப்படிப் பண்ணுச்சு?

வேடிக்கை என்னன்னா, இந்த நாய்க்குத் தன் பெயரைத் தந்த மனிதர் ஒரு கிராமத்துப் பாதிரியார். அவரைச் சுற்றி இருந்ததெல்லாம் செம்மறியாடும் மாடும் கோழியும் வாத்தும்தான். அவருடைய டெரியர்கள் வாழ்நாள் முழுக்க அந்த வயல்கள் வழியாகவும் பண்ணை முற்றங்கள் வழியாகவும் ஓடின. நரியின் வளைக்குள் நுழையும் நாய், வழியில் கிடக்கும் கோழிக்குஞ்சை ஏன் தொடவில்லை? அவருடைய வாழ்க்கைக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது.

டெரியர்னா என்ன?

லத்தீனில் டெர்ரா என்றால் பூமி. பூமிக்குள் போகும் நாய் என்பதால் டெரியர் என்ற பெயர் வந்தது. நரி, எலி, பேட்ஜர் போன்ற விலங்குகளை அவற்றின் வளைக்குள்ளேயே போய்த் தேடுவதுதான் இதன் வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் கவனிங்க. இருட்டு. குறுகலான பாதை. எஜமானின் குரல் கேட்காது. எதிரில் பல்லைக் காட்டும் ஒரு விலங்கு. முன்னேறுவதா, நிற்பதா, குரைப்பதா என்பதை நாய் தனியாகவே முடிவு செய்ய வேண்டும். அதனால் யாரையும் எதிர்பார்க்காமல் முடிவெடுக்கிற, எளிதில் பின்வாங்காத நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். சின்னதாக எதுவாவது சட்டென்று ஓடினால் துரத்து, பிடி, உலுக்கு என்பது அதன் உடம்பிலேயே எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

கோழிக்கும் இதெல்லாம் பொருந்தும். அதுவும் சின்னது, ஓடும், படபடவென்று சிறகடிக்கும், கத்தும். ஆக, டெரியரை மதிப்புள்ளதாக ஆக்கும் குணமே அதைக் கிராமத்தில் ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. ஜாக் ரஸ்ஸலின் கதை முழுக்க இந்த முரணைச் சுற்றித்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒளித்துவைத்த வேட்டை நாய்கள்

ஜான் ரஸ்ஸல் என்பது முழுப்பெயர். ஜானைச் செல்லமாக ஜாக் என்று கூப்பிடுவது இங்கிலாந்து வழக்கம். 1795 டிசம்பர் 21 அன்று, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மவுத்தில் பிறந்தார். அப்பாவும் பாதிரியார்தான். அவருக்கும் வேட்டை என்றால் உயிர். அந்தக் காலத்து டெவனில் இது அதிசயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், வாரநாட்களில் குதிரையும் நாய்களும் என்று வாழ்ந்த பாதிரியார்கள் பலர்.

டிவர்டன் ஊரில் இருந்த ப்ளண்டெல்ஸ் பள்ளியில் படிக்கும்போதே ரஸ்ஸல் ஒரு நண்பனோடு சேர்ந்து ரகசியமாக வேட்டை நாய்கள் வளர்த்தார். விஷயம் தலைமை ஆசிரியர் காதுக்குப் போனது. நண்பன் பள்ளியை விட்டே நீக்கப்பட்டான். ரஸ்ஸல் மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரி. அங்கேயும் பாடப் புத்தகத்தைவிட குதிரை மீதுதான் கவனம்.

பால்காரரிடம் வாங்கிய நாய்

கல்லூரிப் படிப்பு முடியும் தறுவாயில், ஒரு மே மாத நாள். கையில் ஹொரேஸின் லத்தீன் கவிதைப் புத்தகத்தோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள மார்ஸ்டன் கிராமத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எதிரில் ஒரு பால்காரர் வந்தார். அவரோடு ஒரு பெண் டெரியர். உடம்பு முழுக்க வெள்ளை. இரண்டு கண்ணையும் காதையும் சுற்றிக் கரும்பழுப்புத் திட்டு. வால் தொடங்கும் இடத்தில் ஒரு காசளவுக்கு அதே நிறத்தில் ஒரு புள்ளி. முடி கம்பி மாதிரி முரடு. உயரம் ஒரு பெண் நரி அளவு.

ரஸ்ஸல் அங்கேயே பேரம் பேசி நாயை வாங்கிவிட்டார். அதன் பெயர் ட்ரம்ப். துருப்புச் சீட்டு என்று அர்த்தம் வரும் சொல். இன்றைய அரசியலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. இந்த ஒரு நாயில் இருந்துதான் ரஸ்ஸலின் டெரியர் பரம்பரை தொடங்குகிறது. ட்ரம்பின் ஓவியம் பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை வரை போய்ச் சேர்ந்தது.

நிறத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. வளையில் இருந்து மண்ணோடு மண்ணாக ஓடிவரும் பழுப்பு நிற உருவம் நரியா, நாயா என்று வேட்டை நாய்க் கூட்டம் குழம்பினால் முதலில் பலியாவது டெரியர்தான். வெள்ளை நாய் என்றால் அந்தக் குழப்பம் குறையும்.

4,800 கிலோமீட்டர் நடந்து கற்ற பாடம்

1819ல் குருப்பட்டத்தின் முதல் படியை எட்டிய ரஸ்ஸல், வடக்கு டெவனின் ஜார்ஜ் நிம்ப்டன் கிராமத்தில் துணைப் பாதிரியாராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நீர்நாய் வேட்டைக்காக ஒரு நாய்க் கூட்டத்தைத் திரட்டினார். ஆற்றங்கரை ஆற்றங்கரையாக நடந்தார். ஒன்றுகூட கிடைக்கவில்லை. அவரே போட்ட கணக்குப்படி நடந்த தூரம் 3,000 மைல். நம் கணக்கில் சுமார் 4,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை நடந்திருந்தாலும் மிச்சம் இருந்திருக்கும்.

என்ன பிரச்சினை? நாய்களுக்கு மூக்கு இருந்தது, வேகம் இருந்தது. ஆனால் எந்த வாசனையைத் தேட வேண்டும் என்று யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. கடைசியில் நீர்நாய் வேட்டையில் பழகிய ரேசர் என்ற ஒரு நாயை வாங்கிக் கூட்டத்தில் சேர்த்தார். அது போகிற வழியைப் பார்த்து மற்ற நாய்களும் கற்றுக்கொண்டன. அடுத்த 2 கோடைகளில் 35 நீர்நாய்கள் சிக்கின.

இன்று படிக்கும்போது அந்த எண்ணிக்கை மனதை உறுத்தும். இங்கிலாந்தில் 1978 முதல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நாய் வளர்ப்பு பற்றி ரஸ்ஸல் அன்று கற்ற பாடம் முக்கியமானது. எதைத் தேட வேண்டும் என்பதை அனுபவமுள்ள நாயிடம் இருந்து இளம் நாய் கற்கும். அப்படியென்றால் எதைத் தொடக் கூடாது என்பதையும் அதே வழியில் கற்க முடியும்.

கோழி வளர்ப்பவர்களின் நடுவில் ஒரு வேட்டைக்காரர்

1826ல் பெனலபி பரி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். கடற்படை அட்மிரல் ஒருவரின் மகள். வேட்டையில் அவருக்கும் ஆர்வம் உண்டு. அதே காலத்தில் அப்பா பாதிரியாராக இருந்த இட்ஸ்லி கிராமத்துக்கு ரஸ்ஸல் துணைப் பாதிரியாராகப் போனார்.

அங்கே அவர் பார்த்தது வேறு ஒரு உலகம். நரி என்றால் அந்த ஊர் மக்களுக்குக் கோழித் திருடன். அவ்வளவுதான். பனி பெய்த நாளில் நரியின் காலடித்தடம் தெரிந்தால், தேவாலய மணியை அடித்து ஊரையே கூட்டுவார்கள். மண்வெட்டியோடு போய் நரியைத் தோண்டி எடுத்துக் கொன்றுவிடுவார்கள். குதிரையில் துரத்த நரி வேண்டும் என்று நினைக்கும் ரஸ்ஸலுக்கு இது நெஞ்சில் குத்தியது. சண்டை போட்டும் சமாதானம் பேசியும், நரிகளை விட்டுவைக்கும்படி ஊர்க்காரர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்தார்.

இங்கதான் நம்ம விஷயம் சூடு பிடிக்குது. விவசாயியின் பார்வையில் இந்த ஒப்பந்தத்தை யோசிச்சுப் பாருங்க. தன் கோழியைத் தின்னும் நரியைக் கொல்லாமல் விட வேண்டும். தன் வயலுக்குள் குதிரைகளும் நாய்களும் புகுந்து ஓட அனுமதிக்க வேண்டும். இவ்வளவும் பாதிரியாரின் முகத்துக்காக. அந்தப் பாதிரியாரின் நாயே ஒரு ஆட்டைக் கடித்தால்? முற்றத்தில் புகுந்து வாத்துகளைக் கொன்றால்? அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. நாயைச் சுட்டுக்கொல்ல விவசாயி இரண்டு முறை யோசிக்கமாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே விவசாயிதான் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

1830களின் தொடக்கத்தில் ஸ்விம்பிரிட்ஜ் கிராமத்தின் பாதிரியாரான பிறகு இந்த நிர்ப்பந்தம் இன்னும் கூடியது. அங்கேதான் அடுத்த 45 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். சம்பளம் கொஞ்சம். பக்கத்தில் எக்ஸ்மூர் மேட்டுநிலம், செம்மறியாட்டுச் சீமை. ஒரு நாள் வேட்டை என்றால் பல பேருடைய நிலத்தைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய ஆட்டு மந்தை.

மேலிடத்தில் இருந்தும் நெருக்கடி இருந்தது. எக்ஸெட்டர் பிஷப் ஹென்றி ஃபில்பாட்ஸுக்கு வேட்டையாடும் பாதிரியார்களைக் கண்டாலே ஆகாது. நாய்களை விட்டுவிடச் சொல்லி பிஷப் வற்புறுத்த, சரி என்று தலையாட்டிய ரஸ்ஸல் அவற்றை மனைவியின் பெயருக்கு மாற்றப்போவதாகச் சொன்னார் என்றொரு கதை டெவனில் வெகுகாலம் உலவியது. பிஷப்பை எதிர்த்து அவர் நிற்க முடிந்ததற்குக் காரணம், ஊர் அவர் பக்கம் இருந்தது. ஊர் பக்கத்தில் இருக்க வேண்டுமானால் ஊர் ஆடு பத்திரமாக இருக்க வேண்டும்.

அன்றைய முறை: பண்ணையே பள்ளிக்கூடம்

ரஸ்ஸல் பயிற்சிக் கையேடு எதுவும் எழுதவில்லை. ஆனால் அன்றைய இங்கிலாந்தின் வேட்டைக் குழுக்களுக்கு என்று ஒரு பழக்கம் இருந்தது. இன்று வரை அது தொடர்கிறது.

பால் மறந்த குட்டிகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதில்லை. பக்கத்து விவசாயிகளின் வீட்டுக்கு ஒன்றிரண்டாக அனுப்பிவிடுவார்கள். குட்டி அங்கே மாதக்கணக்கில் வளரும். கோழிகளுக்கு நடுவில் ஓடும். பூனையிடம் கீறல் வாங்கும். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியை நெருங்கினால் மூக்கிலேயே ஒரு கொத்து விழும். ஆட்டை முட்டினால் ஆடு திருப்பி முட்டும். தன்னைவிடப் பெரிதாக, தன்னை மிரட்டுவதாக இருக்கும் காலத்திலேயே இந்த உயிரினங்களை நாய் சந்தித்துவிடுகிறது. அதனால் அவை இரை என்ற பட்டியலில் சேராமல், வீட்டு ஆட்கள் என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. நன்றாக வளர்த்த விவசாயிக்குப் பரிசும் உண்டு.

இதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கு. அந்த நாயைச் சின்ன வயதில் மடியில் வைத்து வளர்த்த விவசாயி, நாளை அது தன் வயலில் ஓடும்போது துப்பாக்கியைத் தேடமாட்டார்.

அடுத்த கட்டம் ஜோடி சேர்ப்பது. இளம் வேட்டை நாயையும் அனுபவமுள்ள பெரிய நாயையும் ஒரே சங்கிலியில் இணைத்து நடத்துவார்கள். ஆட்டு மந்தையைப் பார்த்ததும் சின்னது துள்ளும். பெரியது கண்டுகொள்ளாமல் நடக்கும். இழுத்துப் பார்த்து, முடியாமல், சின்னதும் பின்னாலேயே போகும். டெரியரை முதல்முறை வளைக்குள் விடுவது அது ஏறக்குறைய ஒரு வயதைத் தாண்டிய பிறகுதான். முதலில் எதைத் தொடக் கூடாது, அப்புறம்தான் எதைத் தேட வேண்டும். வரிசை அதுதான்.

எல்லாம் இனிமையா நடந்தது என்று நினைக்க வேண்டாம். சாட்டை தாராளமாகப் பயன்பட்டது. திருந்தாத நாயைக் கொன்றார்கள். ரஸ்ஸலின் காலத்தில் வாழ்ந்த சார்லஸ் டார்வின் இதை ஒரு அறிவியல் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார். 1859ல் வந்த உயிரினங்களின் தோற்றம் நூலில், உள்ளுணர்வு பற்றிய அத்தியாயத்தில் கோழியும் ஆடும் பன்றியும் வருகின்றன. இவை வளர்க்கப்படாத டியர்ரா டெல் ஃபூகோ, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் இருந்து குட்டியிலேயே கொண்டுவரப்பட்ட நாய்கள்கூட அவற்றைத் தாக்கும் பழக்கத்தை விடவில்லை என்கிறார். ஐரோப்பிய வீட்டு நாய்க்குட்டிகளுக்கோ இதைக் கற்பிக்க வேண்டிய தேவையே அரிது. காரணம் இரண்டு என்பது அவர் முடிவு: பழக்கம் ஒன்று, தாக்கிய நாய்கள் கொல்லப்பட்டதால் நடந்த தேர்வு இன்னொன்று.

டார்வின் தன் கடற்பயணக் குறிப்புகளில் இதன் மறுபக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். இன்றைய உருகுவே பகுதியில் ஆடு மேய்க்கும் நாய்களைக் குட்டியிலேயே தாயிடம் இருந்து பிரித்து, பெண் ஆட்டிடம் பால் குடிக்கவைத்து, ஆட்டு ரோமத்தில் படுக்கவைத்து வளர்ப்பதை அவர் பார்த்தார். அப்படி வளர்ந்த நாய்க்கு மந்தைதான் குடும்பம்.

கொன்றால் தோல்வி

ரஸ்ஸலின் நாய்கள் மற்றவர்களின் டெரியர்களில் இருந்து வேறுபட்டது ஒரு முக்கியமான விஷயத்தில். அவர் நரியைக் கொல்லும் டெரியரை விரும்பவில்லை. வளைக்குள் போ, நரியின் முன்னால் நின்று விடாமல் குரை, அது வெளியே ஓடும்வரை தொந்தரவு செய். அதுதான் வேலை. உள்ளேயே கடித்துக் கொன்றுவிட்டால் அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது.

அன்றைக்குப் பலர் டெரியரோடு புல்டாக் ரத்தத்தைக் கலந்து முரட்டு நாய்களை உருவாக்கினார்கள். பிடித்தால் விடாத நாய்கள். ரஸ்ஸல் அந்தக் கலப்பைத் தன் கூட்டத்துக்குள் அனுமதிக்கவில்லை. அவருக்கு வேண்டியது பல் அல்ல, குரல். கோபம் அல்ல, நிதானம்.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. நரியின் முகத்துக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் நின்று, கடிக்காமல் குரைக்கத் தெரிந்த நாய்க்கு, ஆட்டைப் பார்த்து ஒதுங்கிப் போகவும் கற்றுக்கொடுக்கலாம். தன்னை அடக்கத் தெரியாத நாய் இரண்டு இடத்திலும் தோற்கும்.

1873ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியபோது ரஸ்ஸல் அதன் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவர். கண்காட்சிகளில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராகவும் உட்கார்ந்தார். ஆனால் தன் சொந்த நாய்களைப் போட்டிக்குக் கொண்டுபோவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. காதின் மடிப்பையும் தலையின் நீளத்தையும் அளக்கலாம். ஆட்டு மந்தைக்கு நடுவில் நாய் எப்படி நடக்கிறது என்பதை மேடையில் அளக்க முடியாதே!

அறிவியல் என்ன சொல்கிறது?

ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1965ல் நூலாக வந்த அந்த ஆய்வில் 5 நாய் வகைகள் இடம்பெற்றன. அதில் ஒன்று முரட்டு முடி ஃபாக்ஸ் டெரியர், அதாவது ரஸ்ஸல் நாய்களின் நெருங்கிய சொந்தம். குட்டிக்கு 3 வாரம் ஆனதில் இருந்து சுமார் 12 வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அப்போது பழகும் உயிர்களைத்தான் அது எளிதில் தன் உலகமாக ஏற்கிறது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. டெவன் விவசாயிகளின் முற்றத்தில் குட்டி வந்து இறங்கிய நேரம் ஏறக்குறைய இதுதான்.

அந்த ஜன்னல் மூடிய பிறகு எதுவும் முடியாதா? முடியும். ஆனால் பொறுமை வேண்டும். இன்றைய பயிற்சியாளர்கள் செய்வது சுருக்கமாக இதுதான்:

முதலில் தூரம். நாயை நீளமான கயிற்றில் கட்டி, கோழி கண்ணில் படும், ஆனால் நாய் இன்னும் நம் குரலைக் கேட்கும் நிலையில் இருக்கும் இடத்தில் நிறுத்துங்க. கோழியைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தால் உடனே பரிசு. உடம்பு விறைத்து, கண் சிமிட்டாமல் பார்த்தால் ரொம்பப் பக்கம் வந்துட்டோம்னு அர்த்தம். பின்னால் போங்க.

இரண்டாவது அசைவு. நிற்கும் கோழி சுலபம். ஓடும், சிறகடிக்கும் கோழிதான் உண்மையான பரீட்சை. கோழி கம்பி வலைக்குள் இருக்கும்போது ஆரம்பித்து, வாரக்கணக்கில் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, முதல் கொலையைத் தடுப்பது. துரத்துவதும் பிடிப்பதும் நாய்க்குத் தானே கிடைக்கும் பரிசு. ஒருமுறை ருசி கண்டால் நம் பிஸ்கட் அதோடு போட்டி போட முடியாது. கொன்ற பிறகு அடிப்பதில் பலன் இல்லை. அடி எதற்கு என்று நாய்க்குப் புரியாது. எஜமான் கிட்ட வந்தால் ஆபத்து என்று மட்டும் புரியும்.

நான்காவது, தனியாக விடாதீங்க. நாம் இருக்கும்போது ஒழுங்காக இருக்கும் நாய், இன்னொரு நாயோடு சேர்ந்தால் வேறு மாதிரி ஆகிடும். டெரியர் தோண்டவும் செய்யும் என்பதால் கோழிக்கூண்டின் வலையை மண்ணுக்குள்ளும் இறக்கிப் பதிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த நாய் பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆபத்து குறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

கடைசிக் காலம்

1871ல், 75 வயதில், ரஸ்ஸல் தன் வேட்டை நாய்க் கூட்டத்தைக் கைமாற்றிவிட்டார். வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளின் மன்னர் ஏழாம் எட்வர்டு, அவருக்கு நண்பரானார். சாண்ட்ரிங்ஹாமில் விருந்தாளியாகத் தங்கினார். 1875ல் மனைவி பெனலபி இறந்தார். 80 வயதைத் தாண்டிய பிறகு, சற்றே நல்ல வருமானம் கிடைக்கும் என்பதால் ஸ்விம்பிரிட்ஜை விட்டு பிளாக் டாரிங்டன் என்ற ஊருக்கு மாறினார். கடன் தொல்லை உள்ளவருக்கு வேறு வழியும் இல்லை.

1883 வசந்தத்தில், 87 வயதில் இறந்தார். உடலை ஸ்விம்பிரிட்ஜுக்கே கொண்டுவந்து தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். பெரிய மனிதர்களும் வந்தார்கள், கிராமத்து மக்களும் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். ஊரில் உள்ள மதுக்கடைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். பெயர்ப்பலகையில் இருப்பது ட்ரம்ப்.

பெயர் பரவியது, வளர்ப்பு பரவவில்லை

அவர் இறந்த பிறகு ஜாக் ரஸ்ஸல் என்ற பெயர் வெள்ளையும் பழுப்புமாக இருந்த எல்லாக் குட்டி டெரியர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆர்தர் ஹைன்மன் என்பவர் அந்த வகையை வேலை நாயாகத் தொடர்ந்து வளர்த்தார். கால் நீளமான வகையை பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1990ல் பாதிரியார் என்ற அடைமொழியோடு ஏற்றுக்கொண்டது. கால் குட்டையான ஜாக் ரஸ்ஸலுக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வேலையே மாறிவிட்டது. 2004ல் நிறைவேறிய சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதைத் தடை செய்தது. பூமிக்கு அடியில் டெரியரைப் பயன்படுத்துவதும் கடுமையான நிபந்தனைகளுக்குள் வந்தது. ஆடு, கோழி பற்றிய சட்டமோ அதைவிடப் பழையது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பண்ணை நிலத்தில் கால்நடையையோ கோழியையோ நாய் துரத்தினாலே உரிமையாளர் மேல் வழக்கு வரும். கடிக்க வேண்டும் என்றில்லை. துரத்தப்பட்ட பயத்திலேயே சினை ஆட்டுக்குக் கரு கலையும். வேறு வழி இல்லாத நிலையில் மந்தையைக் காக்க நாயைச் சுட்ட விவசாயிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

ரஸ்ஸலின் வேட்டையை நாம் ரசிக்க வேண்டிய அவசியம் இல்லை. துரத்தப்பட்ட நரிக்கும் 35 நீர்நாய்களுக்கும் அதில் நியாயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் காலத்து டெவன் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. நாயின் வேகத்தைப் பிறப்பு தரும். எங்கே நிற்க வேண்டும் என்பதை வளர்ப்புதான் தரும். கோழிக் கொத்தும் ஆட்டு முட்டும் வாங்கி வளர்ந்த மாதங்கள்தான் அந்த நாயின் மறுபாதி. இன்று நாம் பணம் கொடுத்து வாங்குவது முதல் பாதியை மட்டும்.

அதனால் பொங்கலுக்கு டெரியரோடு ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, பையில் நீளமான கயிறு ஒன்றை எடுத்து வெச்சுக்கோங்க. பாட்டிக்கும் ஒரு போன் போட்டு, நாங்க வர்ற நேரத்துக்குக் கோழியை எல்லாம் கூண்டில் அடைச்சிடுங்கன்னு சொல்லிடுங்க.